பித்தளை ரேசர் வாங்கப் போகிறவருக்கு: நம் கரையோரத்துப் பழைய சாமான் கடைகளும் இணையச் சந்தையும்

பழைய ரேசரை அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காக அன்றி, காலையில் முகம் வழிப்பதற்காகவே வாங்க நினைப்பவர் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்தால் அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஆங்காங்கே இருக்கும் பழைய சாமான் கடைகளையும், இரும்புக் கடைகளையும், மணிக்கூடு திருத்துபவர்களின் கண்ணாடிப் பெட்டிகளையும் துழாவலாம். அல்லது கைத்தொலைபேசியைத் திறந்து ஈபேயிலோ, இலங்கை விளம்பரத் தளமான இக்மனிலோ, முகநூல் சந்தையிலோ தேடலாம். இரண்டையும் பல காலமாகச் செய்துவருபவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று துண்டாகக் கழலும் சாதாரண ரேசருக்குக் கடைதான் சிறந்தது. உள்ளே அசையும் பாகங்கள் கொண்ட ரேசரை இணையத்தில் வாங்குவதே புத்தி. கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவருக்கு இது பொருந்தாமல் போகலாம்; இது உப்புக்காற்று அடிக்கும் எங்கள் கரைக்கான தீர்ப்பு.

பழைய ரேசரை இன்றைக்கும் பாவிக்க முடிவதற்குக் காரணம் பிளேட்தான். கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் 1903ஆம் ஆண்டு விற்பனையைத் தொடங்கியபோது, அந்த ஆண்டு முழுவதிலும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேட்டுகளும் மட்டுமே. மறுவருடம் நவம்பர் 15ஆந் திகதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்து ரேசரின் மேல்மூடியில் நடுவே ஒரு திருகாணியும் இருபுறமும் இரண்டு சிறு குமிழ்களும் இருக்கும். இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் ஐந்தைந்தாகக் கடதாசிப் பெட்டியில் விற்கும் இருபுறக் கூர் பிளேட், நடுவிலுள்ள நீண்ட வெட்டுடன், அந்தக் குமிழ்களின் மேலும் பிசகாமல் உட்காருகிறது. நூறு வருடத்துக்கு முந்திய கருவியொன்றுக்கு வேண்டிய உதிரிப்பாகம் ஆரையம்பதிச் சில்லறைக் கடையில் கிடைக்கிறது என்பது சாதாரண விடயமல்ல. அதே வேளையில், சுப்பர் மார்க்கட்டில் தொங்கும் மூன்று அலகு, ஐந்து அலகுத் தலைகளின் விலையைப் பார்த்தவர்கள், இந்தப் பழைய வகைக்கு ஏன் ஆட்கள் திரும்புகிறார்கள் என்று கேட்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் அதிகமாக அகப்படுவது, 1938இல் அறிமுகமான ஜில்லெட் ‘டெக்’ வகை. மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே துண்டுகள். பழுதுபடுவதற்கு உள்ளே எதுவுமில்லை. நான் இங்கே கண்டவற்றில் பெரும்பாலானவற்றின் அடித்தட்டைத் திருப்பினால் ‘மேட் இன் இங்லண்ட்’ என்று பொறித்திருந்தது. இலண்டனின் மேற்குப் புறத்தில் ஐல்வர்த் என்னுமிடத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு 1937இல் கட்டி முடிக்கப்பட்ட ஜில்லெட் தொழிற்சாலைதான் அந்த நிறுவனத்தின் இங்கிலாந்துத் தலைமைக் கூடமாக நெடுங்காலம் இருந்தது. பெயரே இல்லாத ரேசர்களும் வரும். அடிப்படைக் காப்புரிமை 1921இல் காலாவதியானதும், கையில் பட்டறை வைத்திருந்த எவரும் அதே அமைப்பில் செய்து விற்கத் தொடங்கியதால், குறியில்லாத ரேசர் என்பதற்காக அதைப் போலி என்று தள்ளிவிடத் தேவையில்லை. பித்தளையாக இருந்து, பிளேட்டை நேராகப் பிடித்தால் அது போதும்.

ஆனால் இந்தக் கரையில் பழைய சாமான் என்று ஒன்று மிஞ்சியிருப்பதே அபூர்வம் என்பதைத் தேடப் புறப்படும் முன்பே மனத்திற் கொள்ள வேண்டும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளோடு அலுமாரிகளையும் கொண்டுபோனது. பிறகு யுத்தகால இடம்பெயர்வுகள் வந்தன. ஓடுகிறவன் அப்பாவின் சேவிங் செட்டையா எடுத்துக்கொண்டு ஓடுவான்? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கல்லடி, நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய கரையோர ஊர்களில் நான்கு தலைமுறைச் சாமான் இருந்த வீடு என்று காட்டுவதற்கு அதிகம் இல்லை. தப்பியவற்றையும் பித்தளைக்கு எடைபோட்டு வாங்குபவர்கள் வீடுவீடாக வந்து ஏற்றிவிட்டார்கள். ஆகவே கடைக்குப் போட்டி இணையம் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், கடைக்கு உண்மையான போட்டி உலைதான். இங்கே மிஞ்சியவை பெரும்பாலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களிலிருந்தும், அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட பறங்கியர் குடும்பங்களின் வீடுகளிலிருந்தும், கதவைச் சாத்திய சலூன்களிலிருந்தும் வருபவை.

முதலில் இரும்புக் கடைகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் விலை அங்கேதான் குறைவு. காத்தான்குடிப் பக்கத்தில் இருக்கும் அத்தகைய கடையொன்றில் பித்தளைச் சாமான்கள் ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும்: தண்ணீர்க் குழாய்த் திருகிகள், பூட்டுகள், குத்துவிளக்கின் தலை, ஊதுபத்தித் தாங்கி, அவற்றினிடையே ரேசரின் ஒரு துண்டு. மற்ற இரண்டு துண்டுகள் வேறெங்காவது இருக்கும். “காக்கா, இதுட அடித்தட்டு எங்க?” என்று கேட்டால், “ரின்னுக்குள்ளதான் கிடக்கும், கொட்டிப் பாருங்க தம்பி” என்று ஒரு சாக்கை விரித்துத் தருவார். விலை கேட்டால் அவருடைய கணக்கு நேர்மையானது: “இத நான் கிலோவுக்குப் போட்டா நூறு ரூவாயும் தேறாது. நீங்க பாவிக்கப் போறீங்கண்டா ஐந்நூறத் தந்துட்டு எடுங்க.” ஒரு டெக் ரேசர் ஐம்பது அறுபது கிராம் அளவில் இருக்கும் என்பதால் அவர் சொல்லும் நூறு ரூபாய்க் கணக்கில் பொய்யில்லை. துண்டுகள் மாறியிருந்தால் கவலைப்பட வேண்டாம். ஜில்லெட்டின் மூன்று துண்டு ரேசர்கள் பலவற்றின் திருகாணிப் புரி ஒன்றுக்கொன்று பொருந்தும். வேறொரு ரேசரின் கைப்பிடி இதிலேறினால் சேகரிப்பாளருக்குத்தான் முகம் சுருங்கும், வழிப்பவருக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கடைகளில் எனக்குள்ள ஒரே முறைப்பாடு, சில வியாபாரிகள் சாமானைப் பளபளப்பாக்கி விற்க நினைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்திருப்பதுதான். குத்துவிளக்குக்கு அது சரி. ரேசரின் பித்தளைக்கு மேலே நிக்கல் முலாமோ மெல்லிய தங்க முலாமோ இருக்கிறது; புளி தேய்த்த ரேசரில் முலாம் திட்டுத்திட்டாகப் போய், புளியின் அமிலம் மேற்பரப்பிலிருந்த நாகத்தை (துத்தநாகத்தை) தின்றதால் பித்தளையே இளஞ்சிவப்பாகத் தெரியும். பார்வைக்குச் செம்பு போலிருக்கும் அந்த நிறத்தைக் காட்டி “இது செம்பு ரேசர்” என்று கூடுதல் விலை கேட்டவர்களும் உண்டு. அப்படியானதை வாங்கினாலும் முகம் வழிக்கலாம்தான், ஆனால் விலையைப் பாதிக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்கு மாறாக, அழுக்கேறிப் பச்சைக் களிம்பு பிடித்துக் கறுத்துக் கிடக்கும் ரேசரைக் கண்டால் மகிழ்ச்சியடையுங்கள். அதை எவரும் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. களிம்பு சவர்க்காரத்துக்கும் பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் போய்விடும்.

கடையின் பெரிய பலம், சாமானைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது. உறை பிரிக்காத பிளேட் ஒன்றையும், ஒரு சிறு காந்தத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது என் வழக்கம். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. எங்கள் காற்றில் இரும்புக்கு ஆயுள் இல்லை. ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், நாகக் கலப்பு வார்ப்பாகவும் இருக்கலாம். முலாம் கழன்ற ஓர் ஓரத்தைப் பார்த்தால் பித்தளை மஞ்சளாகவும் வார்ப்பு சாம்பல் நிறமாகவும் காட்டிக்கொடுக்கும். வார்ப்பு ரேசரை எடுக்காதீர்கள். புத்தம் புதிதாக இன்று விற்கும் நல்ல பெயருள்ள ஜேர்மன் ரேசர்களிலேயே தலை பெரும்பாலும் குரோமியம் பூசிய நாகக் கலப்புத்தான், பூச்சு விரிசல் கண்ட இடத்தில் அது உள்ளே பொடிந்துபோய், ஒரு நாள் திருகும்போது ஆணி முறிந்து கையோடு வரும்.

அடுத்து, பிளேட்டை ஏற்றிக் கைப்பிடியை இறுக்கி, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் தலையை நேராகக் கண்ணுக்கெதிரே பிடியுங்கள். இரண்டு புறமும் பிளேட்டின் விளிம்பு ஒரே அளவில் வெளியே தெரிய வேண்டும். ஒரு புறம் கூடவும் மறுபுறம் குறையவும் தெரிந்தால், முதலில் கழற்றி, அடித்தட்டை மறுபுறமாகத் திருப்பிப் போட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் கோணல் அதே பக்கத்தில் நின்றால் மேல்மூடிதான் வளைந்திருக்கிறது; யாரோ சீமெந்துத் தரையில் போட்டிருக்கிறார்கள். தட்டோடு சேர்ந்து கோணலும் இடம் மாறினால் தட்டில் குறை. குழாய் போன்ற உள்ளீடற்ற கைப்பிடி கொண்ட 1920களுக்கும் அதற்கு முன்னருக்கும் உரிய பழைய வகை கிடைத்தால், கைப்பிடியின் நீளவாக்கில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்; அந்த வகைக்கு அது பரம்பரை நோய். திருகும்போது புரி கடைசிச் சுற்றில் வழுக்கினால் பேச்சே வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள். இத்தனையையும் செய்ய ஐந்து நிமிடம் போதும், கடைக்காரர் எவரும் இதுவரை என்னைத் தடுத்ததில்லை. இன்னும் சொன்னால், பிளேட் ஏற்றிப் பார்க்கிற ஆளைக் கண்டதும் விலையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

மணிக்கூடு திருத்தும் கடைகள் வேறு வகை. அங்கே சாமான் சுத்தமாக இருக்கும், விலை இரண்டாயிரம் மூவாயிரம் என்று தொடங்கும், கடைக்காரருக்குத் தன்னிடம் இருப்பதன் பெறுமதி பாதி தெரியும், பாதி தெரியாது. கல்முனையில் இத்தகைய ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில், சிகரட் பெட்டி என்று எழுதி ஒட்டிய கனமான நிக்கல் பெட்டியொன்று இருந்தது. இரு பக்கமும் மூடி கழலும். ஒரு மூடியின் உட்புறம் தோல், மற்றதின் உட்புறம் தீட்டுகல், நடுவே ஆப்புப் போன்ற தடித்த ஒற்றை அலகு. அது இங்கிலாந்தின் ‘ரோல்ஸ் ரேசர்’. அலகைப் பெட்டிக்குள்ளேயே விட்டுப் பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் அலகு ஒவ்வொரு முறையும் புரண்டு படுத்துத் தோலில் தீட்டப்படும். அந்தச் சடசடச் சத்தத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். (அந்த நிறுவனத்தின் பெயர் பிற்காலத்தில் சலவை இயந்திரம் விற்கும் ஒருவரின் கைக்குப் போய், 1964இல் பெரும் பரபரப்போடு வங்குரோத்தானது வேறு கதை.) கல்முனைப் பெட்டியில் தோல் காய்ந்து வெடித்திருந்தது, கல்லில் கீறல் இருந்தது, அலகின் நுனியில் சிறு பல் போயிருந்தது. மூன்றில் ஒன்று பழுதென்றால் பேசலாம். மூன்றும் பழுதென்றால் அது சிகரட் பெட்டிதான். விட்டுவிட்டு வந்தேன்.

அம்பாறை நகரத்தை நம் ஆட்கள் இவ்விடயத்தில் மறந்துவிடுகிறார்கள். அது கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உள்ளே இருப்பதால் அங்கே கிடைக்கும் உலோகச் சாமானின் உடல்நிலை கரையோரச் சாமானைவிட எப்போதும் ஒரு படி மேல். மட்டக்களப்பில் நான் கண்ட, கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகளும் விரிகின்ற வகை ரேசர்களில் பெரும்பாலானவை உப்பும் காய்ந்த சவர்க்காரமும் சேர்ந்து இறுகிப்போய், கதவுகள் பாதியில் நின்றன. அம்பாறையில் ஒரு தளபாடக் கடையில் கிடைத்த அதே வகையான அமெரிக்க ஜில்லெட் ‘சுப்பர் ஸ்பீட்’ முதற் திருகலிலேயே விரிந்தது. கடைக்காரர் தமிழும் சிங்களமுமாகக் கலந்து, கல்லோயா அணை கட்ட வந்த வெள்ளைக்காரரின் சாமான் அது என்றார். பழைய சாமானோடு கதையொன்றும் சேர்ந்து விற்கப்படுவது வழக்கம், நான் கதைக்குக் காசு கொடுப்பதில்லை. ஆனால் இந்தக் கதையைச் சோதிக்க வழி இருந்தது. அமெரிக்க ஜில்லெட் ரேசர்களின் தலையின் கீழ்ப்புறத்தில் ஆண்டுக்கு ஓர் எழுத்தும் காலாண்டுக்கு ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். இதில் டபிள்யூ என்ற எழுத்தும் 3 என்ற எண்ணும் இருந்தன, அதாவது 1951இன் மூன்றாம் காலாண்டு. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது; அதற்கான இங்கினியாகலை அணையைக் கட்டியது மொரிசன்–நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். கதை நடந்திருக்கக்கூடிய கதைதான். மட்டக்களப்புப் பக்கத்தில் அமெரிக்க ரேசர் ஒன்று தட்டுப்பட்டால், நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருமாரின் நினைவு வருவதும் இயல்பு.

இனி இணையம். கடைகளில் நீங்கள் தேடாதது கிடைக்கும், தேடியது கிடைக்காது. இணையத்தில் தேடியது கிடைக்கும், விலை கொடுத்தால். முகத்துக்கேற்ப பிளேட்டின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் 1 முதல் 9 வரையிலான எண் வளையம் கொண்ட ரேசர்களை எங்கள் கடைகளில் காண்பது கல்லில் நார் உரிக்கும் வேலை. 1958 முதல் 1961 வரை செய்யப்பட்ட, பருத்த கழுத்துடைய ‘ஃபற் போய்’, அதற்குப் பின்வந்த ‘ஸ்லிம்’, 1968இல் வந்த கறுப்புக் கைப்பிடி வகை ஆகியவற்றை ஈபேயில் எந்த நாளும் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். விற்பனையாளர்கள் எல்லாவற்றுக்கும் ‘1950கள்’ என்று தலைப்பிடுவார்கள். மேற்சொன்ன குறி இங்கேயும் கைகொடுக்கும்: ஏ என்றால் 1955, பி என்றால் 1956, அப்படியே டி 1958, ஈ 1959. ஆனால் 1930இல் தொடங்கிய வரிசையும் ஏயிலிருந்தே போவதால், எழுத்தை ரேசரின் வடிவத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இங்கிலாந்து டெக் ரேசர்களில் பெரும்பாலும் இந்தக் குறி கிடையாது, அங்கே ஆண்டு சொல்கிறவர் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

படங்களைப் பார்த்து வாங்குவதில் உள்ள ஆபத்தை ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், நான் மேலே சொன்ன குழாய்க் கைப்பிடிப் பழைய வகை ரேசரொன்றுக்கு ஆறேழு அழகான படங்கள் போட்டிருந்தார். பெட்டியின் வெல்வெட் தெரிந்தது, மூடியிலிருந்த வைர வடிவ முத்திரை தெரிந்தது, கைப்பிடி மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. பொதி வந்தபோது கைப்பிடியின் மறுபக்கத்தில் அடியிலிருந்து பாதி வரை வெடிப்பு. திருப்பி அனுப்பலாம் என்றார் அவர், அதற்கான தபாற் செலவோ ரேசரின் விலையைவிட அதிகம். அதன் பிறகு, கைப்பிடியின் நான்கு பக்கமும், தலையின் கீழ்ப்புறமும், பிளேட் ஏற்றி இறுக்கிய நிலையில் இரு விளிம்புகளும் தெரியும் படங்களும் தராத எவரிடமும் நான் வாங்குவதில்லை. கதவு விரியும் வகையானால், முழுவதும் விரிந்த நிலையிலும் முழுவதும் மூடிய நிலையிலும் ஒவ்வொரு படம் வேண்டும். மூடியபோது இரு கதவுகளும் ஒரே மட்டத்தில் படுக்காவிட்டால் பிளேட் ஒரு பக்கம் தளர்ந்து நின்று முகத்தைக் கீறும். எண் வளையம் கொண்டதானால் 1இலும் 9இலும் எடுத்த படம் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் ஒரு நாளுக்குள் அனுப்பிவிடுவார், மற்றவர் பதிலே போடமாட்டார். அதுவும் ஒரு பதில்தானே.

செலவுக் கணக்கில் இணையம் எங்களுக்குத் தோற்றுப்போகிறது. ஒரு சாதாரண டெக்குக்கு அங்கே பதினைந்து இருபது டொலர் கேட்பார்கள், அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ இலங்கைக்கான தபாற் கட்டணமும் ஏறத்தாழ அவ்வளவு வரும். அதற்கு மேல் சுங்கம் இருக்கிறது. வரி மதிப்பிடும்போது சாமானின் விலையோடு தபாற் கட்டணத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், பிறகு தபாற்கந்தோரிலிருந்து அறிவித்தல் துண்டு வந்து நீங்கள் போய்க் காசைக் கட்டிப் பொதியை எடுக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் காத்தான்குடியில் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்த அதே ரேசர் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே டெக் ரேசரை இணையத்தில் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை. எண் வளைய ரேசருக்கு இதே தபாற் செலவு உறுத்தாது, ஏனெனில் அதற்கு இங்கே மாற்று வழியே இல்லை. வாங்குகிறவர் இரண்டு மூன்றை ஒரே விற்பனையாளரிடம் ஒரே பொதியில் எடுத்தாலோ, வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் மச்சானின் பெட்டிக்குள் போடச் சொன்னாலோ செலவு இன்னும் இறங்கும். மச்சான்மாரை இதற்கு ஒரு முறைக்கு மேல் பாவிக்க முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். கனடாவிலிருந்து வருகிறவரிடம் துருப்பிடித்த சவரக் கருவி கொண்டுவரச் சொன்னால், சொக்லேட்டுக்கு இடமில்லாமற் போன கோபம் குடும்பத்தில் நீண்ட காலம் நிற்கும்.

உள்நாட்டு இணைய விற்பனை இரண்டின் குறைகளையும் சேர்த்துக்கொண்டது. இக்மனிலும் முகநூலிலும் போடுகிறவர்கள் ஈபேயில் கேட்கும் விலையைப் பார்த்து விலை வைக்கிறார்கள், விற்று முடிந்த விலையைப் பார்ப்பதில்லை. ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு ‘வெள்ளைக்காரர் காலத்து அரும்பொருள்’ என்று எழுதிப் பதினையாயிரம் கேட்கிறார்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு ஈபேயில் இருக்கிறது. அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பேசினால் சிலர் இறங்கி வருவார்கள், சிலர் உங்களைத் தடைசெய்துவிடுவார்கள். பொதியைத் திறந்து பார்த்த பின் காசு கொடுக்க ஒத்துக்கொள்ளும் விற்பனையாளராக இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

மடக்குச் சவரக்கத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஷெஃபீல்ட், சோலிங்கன் என்று பொறித்த கத்திகள் கடைகளில் வருகின்றன, இணையத்தில் அதைவிட நிறைய வருகின்றன. இரும்பை உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது விளிம்பைத் தீட்டிப் பார்க்கும் வரை தெரியாது. துருக்குழி விளிம்பை எட்டியிருந்தால் எத்தனை நாள் தீட்டினாலும் பல் பல்லாக உதிரும். செலுலோயிட் பிடி போட்டவற்றில் பிடியே காலப்போக்கில் சிதைந்து அமிலவாயுவைக் கக்கி, மடித்து வைத்த அலகை உள்ளிருந்தே அரிக்கும். அதோடு, தீட்டத் தெரிந்த கை வேண்டும். எங்கள் ஊர்ச் சலூன்களில் பிளேட்டைப் பாதியாக முறித்துச் செருகும் கத்தி வந்த பிறகு, கல்லிலும் தோலிலும் தீட்டத் தெரிந்தவர்கள் வயதாளிகள் சிலர் மட்டுமே. அத்தகைய ஐயா ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்து, அவரே பார்த்து “எடுக்கலாம்” என்று சொன்னால் எடுங்கள். இல்லாவிட்டால் படத்திலும் வாங்க வேண்டாம், நேரிலும் வாங்க வேண்டாம்.

எந்த வழியால் வந்த ரேசரானாலும், பாவிக்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. பிறர் முகத்து இரத்தம் பட்ட கருவி அது, அதிலும் சலூனிலிருந்து வந்ததானால் பலர் முகம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுநீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் புரிகளின் இடுக்கெல்லாம் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, பிறகு மருந்துக்கடையில் வாங்கும் எழுபது வீத அற்ககோலில் அமிழ்த்தி எடுங்கள். தங்க முலாம் போட்டதைக் கொதிநீரில் போடாதீர்கள், பேக்கலைட் கைப்பிடி கொண்டதையும் போடாதீர்கள். பிராஸோ போன்ற மினுக்கும் திரவங்கள் நிக்கலைக் கொஞ்சமும் தங்க முலாமை முழுவதுமாகவும் உரித்துவிடும். இறுகிப்போன கதவு வகையை ஒருபோதும் குறடு போட்டுத் திருகக் கூடாது. சுடுநீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் ஒரு துளியைத் தண்டின் வழியே இறக்கினால், முக்கால்வாசி தானாகவே இளகும். மிஞ்சும் கால்வாசியைத்தான் உப்பு வென்றிருக்கிறது. பாவித்த பின் தலையைத் தளர்த்தி உதறி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். கல்லடியில் கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் வைத்தால், அறுபது வருடம் தாங்கிய முலாம் இரண்டு மாரிக்குள் கொப்புளிக்கும்.

வழிக்கும் சுகத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்து டெக் மிக மென்மையானது. நாள்தோறும் வழிப்பவருக்கு, அதிலும் வேர்வையும் எரிவும் சேரும் சித்திரை வைகாசி வெயிலில், அதைவிட நல்லதை நான் காணவில்லை. மூன்று நான்கு நாள் தாடியை ஒரே தடவையில் எடுக்க நினைப்பவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும். அவர் குழாய்க் கைப்பிடி கொண்ட அந்தப் பழைய வகையைத் தேடட்டும், அதில் கைப்பிடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பிளேட் இன்னும் கொஞ்சம் வெளியே வந்து கடுமையாக வெட்டும். சுப்பர் ஸ்பீட் இரண்டுக்கும் நடுவில். எண் வளைய ரேசர் இம்மூன்றின் வேலையையும் ஒன்றே செய்யும் என்பார்கள். அது உண்மை, ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்தில் எல்லா எண்ணையும் திருகிப் பார்த்துவிட்டுப் பிறகு ஐந்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

இன்று தேடத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தன் ஊரைச் சுற்றியுள்ள இரும்புக் கடைகளில் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, பித்தளையை எடைபோட்டு ஏற்றுமுன் சவரச் சாமான் எது வந்தாலும் ஒதுக்கி வைக்கச் சொல்வது. கிலோ விலையைப் போல ஐந்து மடங்கு தருவேன் என்று சொல்லி, சொன்னபடி தந்தால் அவர்கள் மறக்கமாட்டார்கள். லொறி எந்தக் கிழமை வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு அதற்கு முதல் நாள் போக வேண்டும்.